வெள்ளிக்கிழமை ஜப்பான் பாட்டு

குருவிநத்தத்தில் வெள்ளிக்கிழமை தவறாமல் அழுகிற ஆம்பிளை ஒருவர்தான். அவர் பெயர் அரிகரன். காலை ஆறு மணிக்கு மனைவி ஜெயசுதா சாமி மாடத்தில் விளக்கேற்றி, பக்கத்திலிருக்கும் ஸ்பீக்கரில் பென்டிரைவைச் சொருகுவாள். ஒரு பெண் ஜப்பான் மொழியில் பாடத் தொடங்குவாள். அரிகரன் கண்ணை மூடி உட்காருவார். மொத்தம் ஏழு பாட்டு. அதெல்லாம் முடிந்தபிறகு, பாட்டில்லாமல் வேறொரு பெண் இரண்டு நிமிஷம் நிதானமாகப் பேசுவாள். சரியாக அந்த இடத்தில்தான் அவருக்குக் கண்ணீர் கொட்டும்.

அதெல்லாம் புத்தர் பாட்டு என்பது ஊரின் நம்பிக்கை. நம்ப வைத்தவரும் அவர்தான். கல்யாணமான புதிதில் இது என்ன பாட்டு என்று ஜெயசுதா கேட்டபோது, அந்த ஊர் சாமி பாட்டு என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தார். அடுத்த வெள்ளியே அவள் டேப் ரிகார்டரைத் தூக்கிச் சாமி மாடத்தில் வைத்துவிட்டாள். இனி அதை எடு என்று எந்த முகத்தோடு சொல்வது? புரியாத பாஷைக்கே இப்படி உருகுகிறவருக்கு எவ்வளவு பக்தி இருக்க வேண்டும் என்று பேசிப் பேசியே, ஊர்க்காரர்கள் அவரை மாரியம்மன் கோயில் கமிட்டியிலும் சேர்த்துவிட்டார்கள். மனுஷன் அதற்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நடந்தது வேறு. தொண்ணூற்றாறில் அவர் வேலை பார்த்த பம்பு கம்பெனி நாலு பேரைப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பியது. அவர்கள் தங்கிய ஹாஸ்டல் ஆபீசில் யோஷிகோ என்று ஒரு பெண் இருந்தாள். காலையில் அவர் கிளம்பும்போது குனிந்து வணக்கம் சொல்வாள். எல்லோருக்கும் அப்படித்தான் சொன்னாள், ஆனால் அரிகரன் மற்றவர்களுக்குச் சொன்னதை எண்ணவில்லை. நாலாவது மாதம் ஒருநாள் அவருடைய அறைக் கதவைத் தட்டி ஒரு கேசட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். மற்ற மூன்று பேருக்கும் கிடைக்காத கேசட். போட்டுப் பார்த்தால் ஏழு பாட்டு, கடைசியில் அவள் குரல், முதல் வார்த்தையே அந்த ஊர் மரியாதையோடு அவர் பெயர், "அரிகரன்-சான்". இதற்கு மேல் ஒரு பெண் எப்படித்தான் சொல்வாள்?

அவள் என்ன சொன்னாள் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் விஷயம் கம்பெனிக்குப் போய், கம்பெனியிலிருந்து குருவிநத்தத்துக்கு வந்து, ஏற்கெனவே பேசி முடித்திருந்த ஜெயசுதா வீட்டுக்கும் போய்விடும் என்ற பயம். 'உனக்காகக் காத்திருப்பேன்' என்பதாகத்தான் இருக்கும் என்று அவரே முடிவு செய்துகொண்டு விமானம் ஏறினார். ஒருத்தியைக் கைவிட்டு வந்த பாவி தான் என்ற எண்ணம் அவருக்கு நெஞ்சை அறுத்தது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

கேசட் தேய்ந்த காலத்தில் பாகூரில் மொபைல் கடை வைத்திருக்கும் கமருதீன் பாய் அதைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். கடைசியில் வெறும் பேச்சு வருகிறதே, வெட்டிவிடவா என்று கேட்டார். அரிகரன் பதறிப்போய், அதில்தான் மந்திரமே இருக்கிறது என்றார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த பக்திக்கு மகள் சுவேதாவின் கல்யாணப் பேச்சு வேட்டு வைத்தது. செலியமேட்டுப் பையன், பெயர் தமிழ்க்குமரன். நல்ல குடும்பம், நல்ல படிப்பு. சுவேதா இரண்டு முறை போனில் பேசிவிட்டு, இவரையே முடித்துவிடுங்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். குறை ஒன்றுதான். பையன் அஞ்சு வருஷமாக ஜப்பானில் வேலை பார்க்கிறான், அந்தப் பாஷையைத் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவான். தூரம் அதிகம், குளிர் ஒத்துக்கொள்ளாது, நிலநடுக்கம் வரும் என்று அரிகரன் வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். பையன் லீவில் வந்திருக்கிறான், வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண் பார்க்க வரச் சொல்லியாயிற்று என்றாள் ஜெயசுதா.

வெள்ளிக்கிழமை காலை பூஜை முடிந்த கையோடு அவர் பென்டிரைவை எடுத்து யூரியா மூட்டைக்கு அடியில் ஒளித்தார். சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வந்து, கேசரியும் பஜ்ஜியும் தட்டில் வந்ததும், ஜெயசுதா முந்தானை முடிச்சிலிருந்து இன்னொரு பென்டிரைவை எடுத்தாள். கேசட்டைப் பென்டிரைவில் ஏற்றிய அன்றைக்கே பாயிடம் இரண்டாகப் போட்டு வாங்கியதாம். எங்கள் வீட்டுக்காரர் பக்தியைத் தம்பி கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே சொருகினாள்.

முதல் பாட்டிலேயே தமிழ்க்குமரன் முகத்தில் சிரிப்பு வந்தது. ஏழாவது முடிந்து யோஷிகோ பேச ஆரம்பித்ததும் அவன் பஜ்ஜி மெல்லுவதை நிறுத்தினான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். தோள் லேசாகக் குலுங்கியது. அரிகரனுக்கு அன்று கண்ணில் வர வேண்டியதெல்லாம் வேர்வையாக முதுகில் வழிந்தது. இது எந்தச் சாமி மேல் பாடியது என்று ஜெயசுதா கேட்டாள். பையன் அரிகரனை ஒருமுறை பார்த்துவிட்டு, ரொம்பப் பழைய பாட்டு அத்தை, மனசு உருகிப் பாடியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னான்.

தப்பித்தோம் என்று அவர் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் இருபத்தெட்டு வருஷமாக அடக்கிவைத்த கேள்வி. கரும்புத் தோட்டத்தைக் காட்டுகிறேன் என்று பையனைக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போனார்.

"பாட்டெல்லாம் இன்னா பாட்டு தம்பி?"

"காதல் பாட்டுதான் மாமா. நாங்கலாம் பொறக்கறதுக்கு முன்னாடி வந்தது. எங்க வூட்டு ஓனரம்மா இன்னைக்கும் பாத்திரம் கழுவிக்கினே பாடுவாங்க."

அரிகரனுக்கு நெஞ்சு நிறைந்தது. "கடைசில ஒருத்தங்க பேசறாங்களே?"

"அத்த வுடுங்க மாமா."

"சொல்லுப்பா. எதுவா இருந்தாலும் நான் தாங்கிக்கிறேன்."

பையன் கரும்புச் சோகை ஒன்றைக் கிள்ளிக்கொண்டே சொன்னான். "திங்களும் வியாழனும் எரிக்கிற குப்பையாம். மீன் முள்ளு அதுலதான் போடணுமாம். பாட்டிலு செவ்வாக்கெழம, கழுவிட்டுப் போடணுமாம். நீங்க ஒருத்தருதான் எல்லாத்தையும் ஒரே பையில கட்டி வெக்கறீங்கன்னு பக்கத்து வூட்டுல மூணு வாட்டி வந்து சண்டைக்கி நின்னாங்களாம்."

"அப்புறம்?"

"புரியலன்னா கம்பெனி மொழிபெயர்ப்பாளர்கிட்ட போட்டுக் காட்டச் சொல்றாங்க. பழைய கேசட்டு, திருப்பித் தர வேணாமாம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் மாமா."

அன்று இரவு சாப்பாட்டுக்கு உட்காருமுன்பே அரிகரன் இந்தச் சம்பந்தம் சரிப்படாது என்று சொல்லிவிட்டார். பையனுக்கு மரியாதை தெரியவில்லை என்றார். மரியாதை தெரிந்ததால்தான் அவன் கூடத்தில் வாயைத் திறக்கவில்லை என்பது அவருக்கே தெரியும். ஆனால் ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தப் பையன் எதிரே உட்கார்ந்து பஜ்ஜி தின்பான், தின்னும்போதெல்லாம் அவன் மனதில் மீன் முள் ஓடும். அந்த அவமானத்தைவிட மகள் வேறு இடத்தில் வாழ்க்கைப்படுவது மேல் என்று அவருக்குப் பட்டது. சுவேதா அழவில்லை, அப்பாவின் பழக்கம் அவளுக்கு ஒட்டவில்லை. அவரோடு பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். செலியமேட்டில் அடுத்த வாரம் சனிக்கிழமைக்குள் முடிவு கேட்டிருந்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தது. விளக்கு, கற்பூரம், ஏழு பாட்டு. யோஷிகோ பேசத் தொடங்கினாள். அரிகரன் கண்ணை இறுக்கி மூடினார். ஒரு சொட்டும் வரவில்லை. பாட்டில், மீன் முள், செவ்வாய்க்கிழமை என்றே காதில் விழுந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஜெயசுதா பாதியிலேயே ஸ்பீக்கரை அணைத்தாள்.

"இன்னாங்க, செத்துட்டாளா?"

"யாரு?"

"இவதான்" என்று ஸ்பீக்கரைப் பார்த்து மோவாயை நீட்டினாள்.

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார்.

"மொத வெள்ளிக்கெழமையிலேர்ந்து. சாமிக்கு அழுவறவன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? அழுது முடிச்ச ஒடனே, கேக்காமலே டவுனுக்கு இட்டுனு போயி பொடவ வாங்கிக் குடுத்தீங்க. சரிதான், அழட்டும்னு வுட்டுட்டேன்."

அதன் பிறகு அவள் எதையும் வெள்ளிக்கிழமை தவிர வேறு நாளில் கேட்டதில்லையாம். கொல்லையில் கக்கூஸ், போர்வெல், சுவேதாவுக்குக் காலேஜ் எல்லாமே வெள்ளிக்கிழமை அழுகை காய்வதற்குள் கேட்டு வாங்கியது. இந்த வீட்டில் பாதி அந்த ஸ்பீக்கர்காரி கட்டிக் கொடுத்தது, அந்த நன்றிக்குத்தான் விளக்கு என்றாள்.

அரிகரன் தரையைப் பார்த்துக்கொண்டு, ஒன்றையும் விடாமல் சொன்னார். திங்கள், வியாழன், மீன் முள், பக்கத்து வீட்டுச் சண்டை, திருப்பித் தர வேண்டாத கேசட். ஜெயசுதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடங்கியபோது அவள் முகம் வேறாக இருந்தது. விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு, அவரைப் பார்க்காமலே கேட்டாள்.

"அப்ப இத்தினி வருசமா நான் யாருகூட சண்ட போட்டுக்கினு இருந்தேன்?"

அவள் சண்டை போட்டதே அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு வெள்ளியும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவளை அவர் கண்ணைத் திறந்து ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். காது ஓரம் முழுக்க நரைத்திருந்தது. ஸ்பீக்கரில் யாரும் பேசாமலே அவருக்குக் கண்ணீர் பொங்கி வந்தது, துடைக்கத் துடைக்க நிற்காமல் வந்தது.

ஜெயசுதா அதைப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"சுவேதா, செலியமேட்டுக்குப் போன் போடுடி. அப்பா பேசணுமாம்."