இடிக்கு வைத்த ஸ்பேனர்

சோமன் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் என்ஜினின் இரைச்சலையே கேட்டு வந்த மனிதருக்கு நல்ல ஒலியின்மேல் இத்தனை ஆசை எங்கிருந்து வந்தது என்பது அவர் மனைவி லேகாவுக்கே விளங்கவில்லை. கொச்சியில் வேலை பார்க்கும் மகன் அபிலாஷ், ஓணத்துக்கு வந்தபோது புதிய ஹோம் தியேட்டர் ரிசீவர் ஒன்றை வாங்கி வந்து, முன்னறையில் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனான். முன்னால் மூன்று ஸ்பீக்கர்களும் பின்னால் இரண்டும் அமைந்தன. அடித்தொனிக்கென்று வந்த சப்வூஃபர் மட்டும் முழங்கால் உயரம். அதைக் கிழக்குச் சுவரின் மூலையில் வைத்தார்கள்.

கடலும் புயலுமாகச் செல்லும் ஒரு படம் சோமனிடம் இருந்தது. சந்தி விளக்கு ஏற்றி முடிந்ததும் அந்தப் படத்தைப் போடுவார். இடி இடிக்கும்போது தரை அதிர்ந்து, அந்த அதிர்வு நாற்காலியின் வழியாக முதுகில் ஏறும். அந்தக் கணத்துக்காகவே அவர் மாலைவரை காத்திருந்தார் என்றாலும் மிகையாகாது.

புரட்டாசி முடியும் தறுவாயில், பக்கத்து வீட்டு லீலாபாய் ஒரு நாள் காலையில் மதிலருகே வந்து நின்றாள்.

"சோமண்ணா, இரும்புத் துண்டு வல்லதும் கிடக்கா? பழசு போதும்."

"என்னத்துக்காக்கும்?"

"ஒரு காரியம் உண்டு. பிறவு திருப்பித் தாறேன்."

சோமன் தம் கருவிப் பெட்டியைத் துழாவி, தடித்த ஸ்பேனர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். லீலாபாய் அதைக் கையில் தூக்கிப் பார்த்து, "இது தாங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எதைத் தாங்கும் என்று அவர் கேட்கவில்லை.

அன்று மாலை, படத்தைப் போடுவதற்காக அவர் ரிமோட்டை எடுத்தபோது லேகா சிரித்தாள்.

"உங்க ஸ்பேனர் இப்பம் எங்க இருக்கு, தெரியுமா? கோழிக்க அடியில."

"கோழிக்க அடியிலயா?"

"லீலாக்கா அடை வெச்சிருக்கு. இடி கேட்டா முட்டை கெட்டுப் போவுமாம். முட்டைக்க இடையில இரும்பு கிடந்தா அது இடியைத் தாங்குமாம்."

"வானத்தில ஒரு மேகம்கூட இல்லியே!"

"மேகம் நம்மக்க முன்னறையிலல்லா கிடக்கு."

சோமன் வாய்விட்டுச் சிரித்தார். பாதியிலேயே அந்தச் சிரிப்பு அடங்கிற்று. லீலாபாய் விறகு அடுக்கி, கோழியையும் அடை வைக்கும் சாய்ப்பு, மதிலுக்கு அப்பால், சரியாக சப்வூஃபர் இருக்கும் மூலைக்கு எதிரே இருந்தது. ஓணம் கழிந்து அவள் வைத்த முதல் அடையில் ஒரு முட்டைகூடப் பொரியாமல், அனைத்தும் கூழ்முட்டையாகிப்போனதும் அவருடைய நினைவுக்கு வந்தது. "சூடு அதிகமாக்கும்" என்று அப்போது அவரே ஆறுதல் சொல்லியிருந்தார். அவளும் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அந்தக் குஞ்ஞுவ ஆருக்குண்ணு நினைச்சீங்க? பின்சி பேறுகாலத்துக்கு வரும்போ நாட்டுக்கோழி வேணும். கடைக்கோழி கொடுக்க மாட்டேண்ணு நிக்குகு அக்கா" என்றாள் லேகா. பின்சி லீலாபாயின் ஒரே மகள்.

"எங்கிட்ட நேரா சொல்லப்பிடாதா?"

"அண்ணன் ஆசையா வெச்சிருக்கது, எப்பிடிச் சொல்ல எண்ணு எங்கிட்ட கேக்குகு."

"இடி வேற, இது வேற. பெட்டிக்க சத்தத்தில முட்டை கெடுமா?" என்று சோமன் வாதாடினார். வாதாடிக்கொண்டே எழுந்து, குனிந்து, சப்வூஃபரின் பின்புறச் சுவிட்சை அணைத்தார்.

ஞாயிற்றுக்கிழமையன்று, அவருடைய பேருந்தில் நெடுங்காலம் நடத்துநராக இருந்த செல்லசாமி, புயலைக் கேட்பதற்கென்றே காட்டாக்கடையிலிருந்து வந்தார். திரையில் மின்னல் வெட்டியது. செல்லசாமி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"எலே சோமா, இதாடே உனக்க இடி? பப்படம் பொடியுத மாதிரி இருக்கு!"

"கோழி அடை கிடக்கு."

"உனக்க வீட்டிலயா?"

"பக்கத்து வீட்டில."

செல்லசாமிக்குச் சிரித்துச் சிரித்துத் தேநீர் புரையேறிவிட்டது. "கோழிக்கு வேண்டித் தியேட்டரைப் பூட்டினவன் ஊரில நீ ஒருத்தனாக்கும்!"

சோமன் பொறுத்துக்கொண்டார். இடியை அடக்கிய பிறகு அந்தப் படத்தில் வேறு ஒலிகள் கேட்கலாயின. இடது தோளுக்குப் பின்னால் படகின் கயிறு முறுகியது. மழை விட்ட பிறகும் எங்கோ ஓர் ஓட்டிலிருந்து நீர் சொட்டியது. இத்தனை நாளும் அவை அங்கேதான் இருந்திருக்கின்றன.

ஐப்பசி பிறந்தது. ஒரு பிற்பகலில் வானம் இருண்டு, சன்னல் கண்ணாடிகள் நடுங்கும்படி மெய்யான இடி இடித்தது. சோமன் தோர்த்துத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மதிலருகே ஓடினார். சாய்ப்புக்குள் லீலாபாய் கூடையின்மேல் கையை வைத்துக் குந்தியிருந்தாள்.

"லீலாபாய்! ஸ்பேனர் கிடக்கா?"

"கிடக்கு அண்ணா."

"ஓரத்திலயா, நடுக்கா?"

"ஓரத்தில."

"நடுக்க வையி, பிள்ளே!"

திரும்பி வந்தவரைப் பார்த்து, "இடி வேற, இது வேற, இல்லியா?" என்றாள் லேகா. சோமன் தலையைத் துவட்டிக்கொண்டார். அதன் பின்னர், காலையில் பல் துலக்குவதற்குக்கூட மதிலோரமாகவே நிற்கத் தொடங்கினார். சாய்ப்புக்குள்ளிருந்து கீச்சென்ற ஒலி ஏதும் வருகிறதா என்பதில்தான் கவனமெல்லாம்.

அந்த ஒலி ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. அன்று மாலையே லீலாபாய் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

"ரெண்டு கூழ்முட்டை அண்ணா, மிச்சம் ஒக்க பொரிச்சாச்சு. அந்த ரெண்டும் மேல உள்ள இடியாக்கும், உங்க இடி இல்ல. இனி உங்க இடியையும் ஒருக்கா கேக்கட்டு."

சோமன் சுவிட்சைப் போட்டார். புயல் எழுந்தது. முதல் இடியிலேயே லீலாபாய், "எனக்க கர்த்தாவே!" என்று இரு கால்களையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தாள். "பாவம் எனக்க கோழி!"

"செரி, எனக்க ஸ்பேனர் எங்க?"

"அது இப்பம் தர ஒக்காது அண்ணா. செவலைக் கோழியும் குந்தத் தொடங்கியாச்சு. நாளைக்கு அடை வைக்கப் போறேன்."

லேகா விட்டத்தைப் பார்த்தாள். சோமன் ரிமோட்டை மறுபடியும் கையில் எடுத்தார்.

"நாளைக்குத்தானே?"

"நாளைக்குத்தான்."

"அப்பம் இண்ணு இருந்து, இன்னும் ஒருக்கா கேட்டிட்டுப் போ" என்று சொல்லி, புயலை முதலிலிருந்து ஓடவிட்டார்.