உச்சிக்கு முன்னால் வந்த மழை

கிழக்கு வெளுக்குமுன்பே கரமனையில் கலவை மெஷின் உறுமத் தொடங்கிவிட்டது. சட்டி சட்டியாக ஜல்லிக்கலவை மாடிக்கு ஏறியது. சிமெண்டுத் தண்ணீர் கழுத்தில் வழிந்து முதுகை அரித்தது. மேலே மட்டப்பலகை இழுத்துக்கொண்டிருந்தான் கோலப்பன். ஆட்களை நம்பாத கிழவன். நம்பியது காற்றை மட்டும்தான்.

"தார்ப்பாய் எடுக்கணுமோ அண்ணா?" என்று முந்தின நாளே காண்டிராக்டர் ஜெயன் அவனிடம் கேட்டிருந்தான்.

"ஐப்பசி மழை உச்சி சாயாம எறங்காது வே. அதுக்குள்ள தளம் பிடிச்சிரும்."

தார்ப்பாய் வாடகை மிச்சமென்று ஜெயன் தலையாட்டினான்.

எட்டு மணிக்குக் கடல் பக்கமிருந்து அடித்தது, அந்த மாசத்தில் அடிக்கக்கூடாத காற்று. பின்னாலேயே மழை கொட்டியது. சாக்கு, லுங்கி, கிடைத்ததையெல்லாம் விரித்தார்கள். சிமெண்டு பாலாக ஓடியது. ஜல்லி பல்லை இளித்தது. கோலப்பன் கையால் அணை கட்டிப் பார்த்தான். விரலிடுக்கில் ஒழுகிப் போனது.

கடல் சூடாகிறது, மேலே காற்று தடம் மாறுகிறது என்று டிவியில் சொன்னபோது, "போங்கலே" என்று அணைத்தவன் அவன்.

ஜெயன் வந்து தளத்தைப் பார்த்தான்.

"இன்னைக்குக் கூலி இல்ல."

"மழைக்கு நாங்க என்ன செய்ய?" என்றான் கலவை போடும் தாசையன்.

"மழை வராதுன்னு பறஞ்சது ஆரு? இந்தக் கிழவன். இவரைக் கழட்டி விடுங்க, மத்தவங்களுக்கு முழுக்கூலி தரேன்."

தன்னைக் கைவிட்டுவிடுவார்கள் என்று கோலப்பனுக்குத் தெரியும். கரண்டியைக் கழுவிப் பையில் போட்டான். மெஷின் ஓட்டும் மைதீன் பையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் சொன்னது தப்பு. விடுலே."

"தப்புதான், யாரு இல்லேன்னா? நாங்களும் நம்பினோம், முதலாளியும் நம்பினாரு. வாடகை மிச்சத்துல உமக்குப் பங்கு தந்தாரா?"

"மிச்சம் அவருக்கு, மழை நமக்கு!" என்று சட்டி சுமக்கும் ஆஷா சிரித்தாள்.

தாசையன் முன்னால் வந்தான். "முதலாளி, இனி வானத்தை எவனாலயும் சொல்ல முடியாது. மழை பெஞ்சாலும் வந்த ஆளுக்குக் கூலி. தார்ப்பாய் உங்க செலவு. அண்ணாச்சியும் இருப்பாரு. இல்லேன்னா ஒருத்தரும் சட்டியைத் தொடமாட்டோம்."

"தம்பானூர்ல வேற ஆளு கிட்டும்." ஜெயன் பைக்கை உதைத்தான்.

மழை விடவில்லை. கொஞ்ச நேரத்தில் வங்காளத்து ஆட்களோடு ஒரு வேன் வந்து நின்றது. ஆஷா நனைந்தபடியே போய், தெரிந்த நாலு இந்தி வார்த்தையில் நடந்ததைச் சொன்னாள். உள்ளே குசுகுசுவென்று பேச்சு. எவனும் இறங்கவில்லை, வண்டியும் திரும்பவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தான்.

கோலப்பன் போய் வேனுக்கு முன்னால் நின்றான். முதுகுக்குப் பின்னால் சேற்றில் காலடிகள் கேட்டன. எத்தனை பேர் என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை.