காலைக் காட்டு

குட்டைக்குத் தண்ணீர் எடுக்க வருகிற ஒவ்வொருத்தியும் முதலில் என்னிடம் காலைக் காட்ட வேண்டும். அதற்குத்தான் ஊர் என்னை அங்கே உட்கார வைத்திருந்தது. நரம்புச் சிலந்திப் புழு காலைக் கிழித்து வெளியே வரும்போது அந்த இடம் நெருப்பாக எரியும். தண்ணீரில் வைத்தால் குளிரும். வைத்ததும் புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் கக்கிவிடும். அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவனுக்கு அடுத்த வருஷம் புழு. ஹர்மட்டான் என்கிற வறண்ட காற்று தொடங்கிவிட்டால் எங்களுக்கு வேறு தண்ணீரும் கிடையாது.

வெயில் ஏறிய பிறகு சனாட்டு வந்தாள். என் தாய்மாமன் மகள். எங்கள் வழக்கப்படி அந்த உறவில் ஒருவரையொருவர் கேலியாக அடிமை என்றுதான் கூப்பிடுவோம். என்ன பேசினாலும் ரோஷப்படக் கூடாது. என் அப்பா செத்த அன்று பிணத்துக்குப் பக்கத்தில் நின்று அவரைப் போலவே இருமிக் காட்டினாள். ஊரே சிரித்தது. நானும்தான்.

"டேய் அடிமை, தூங்குறதுக்கா உன்ன இங்க வச்சிருக்கு?"

"உன் மூஞ்சியப் பாத்த பிறகு எவனுக்குடி தூக்கம் வரும்? காலக் காட்டு."

"கால்ல புழு இருக்கு. நல்லாக் கொழுத்த புழு. உன் பேருதான் வச்சிருக்கேன். தள்ளு."

சிரித்தேன். புழு வந்தவர்கள் அதை வெளியே சொல்வதே இல்லை. சொன்னால் மருத்துவ முகாமுக்குக் கொண்டுபோய், புழு முழுசாக வெளியே வரும்வரை படுக்க வைத்துவிடுவார்கள். வாய்விட்டுச் சொல்கிறவளுக்கு ஒன்றும் இருக்காது என்று நினைத்துக் கையசைத்து விட்டேன். காலைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால், தண்ணீர் மொள்கிற பலகையில் அவள் இல்லை. பானை மட்டும் கிடந்தது. எதிர்க்கரையில், கோரைக்கு நடுவே நின்றிருந்தாள். ஓடினேன்.

இடுப்புத் துணியை முழங்காலுக்கு மேல் தூக்கியிருந்தாள். கணுக்காலுக்கு மேலே வெள்ளை நூல் போல ஒன்று தொங்கியது.

"கிட்ட வராத, நெய்ந்தூ."

அதுவரை ஒருநாளும் அவள் என் பேரைச் சொன்னதில்லை.

"மேல வந்து உக்காரு. வாளில மொண்டு ஊத்துறேன்."

"வாளியாம் வாளி. ராத்திரியெல்லாம் துணியக் கடிச்சிக்கிட்டுக் கிடக்கேன், தெரியுமா?"

"உன் புள்ளைங்களும் இதத்தானே குடிக்குது?"

"எனக்குத் தெரியாதா? உங்கிட்டச் சொன்னேன்ல. சிரிச்ச."

கரை சரிவு. பிடித்து இழுத்தால் இரண்டு பேரும் தண்ணீருக்குள்தான். மெதுவாக ஓர் எட்டு வைத்தேன். அவள் தண்ணீரைப் பார்த்துக் குனிந்தாள். பாய்ந்து தோளைப் பிடித்து மேட்டுப் பக்கம் தள்ளினேன். மல்லாந்து விழுந்து அலறினாள்.

"படல. தண்ணியில படவே இல்ல. சத்தியமா."

காலெல்லாம் சேறு. அதை வைத்துப் பட்டதா இல்லையா என்று சொல்ல முடியாது.

அவளை அங்கேயே விட்டுவிட்டு, முள்கிளையை இழுத்து வந்து குட்டைக்கு வரும் பாதையில் போட்டேன். அதற்குள் அடுத்த கும்பல் வந்துவிட்டது. முன்னால் மெமுனா. அவளுக்குப் பின்னால் சனாட்டுவின் சக்களத்தி.

"யாருடா மூடச் சொன்னது? வீட்ல களி கிண்டச் சொட்டுத் தண்ணி இல்ல."

"குட்டைக்கு மருந்து ஊத்துற ஆள் வரட்டும். அதுவரைக்கும் எவளும் மொள்ளக் கூடாது."

"எவ கால வச்சா? பேரச் சொல்லு."

"தெரியல."

"தெரியாமலா மூடுவ? காலையிலயே பீட்டோக் கள்ள ஊத்திக்கிட்டு வந்துட்டான்டி!"

எல்லாரும் சிரித்தார்கள். மெமுனா முள்ளைக் குச்சியால் ஒதுக்கிவிட்டு என்னை இடித்துக்கொண்டு பலகைக்குப் போனாள். கையைப் பிடித்தேன். உதறினாள். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். அவள் பானை தண்ணீரில் அமிழ்ந்து, வாய்வரை நிரம்பியது.

"அதக் கொட்டு, மெமுனா."

குரல் எதிர்க்கரையிலிருந்து வந்தது. சனாட்டு எழுந்து நின்றிருந்தாள். துணியைத் தூக்கிக் காலைக் காட்டினாள்.

"நான்தான் வச்சேன். ரெண்டு தடவ. அவன் ஓடி வர்றதுக்கு முன்னாடியே."

மெமுனா பானையைக் கரை மண்ணில் கவிழ்த்தாள். ஒருத்தியும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். காலிப் பானைகளோடு பக்கத்து ஊர்க் குட்டைக்குப் போகிற பாதையில் வரிசையாக நடந்தார்கள். சனாட்டுவின் சக்களத்தியும் அந்த வரிசையில் போனாள்.