பென்சிலில் எழுதிய காலம்

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில், நானூற்றுப் பன்னிரண்டாம் எண் சுவடிக்கட்டுக்கு ஆயிரத்து எண்ணூறு வயது கூடியது. அது பெயர் தெரியாத ஒரு சின்ன உபநிடதம், முப்பத்தொரு ஏடு. சுவடி நூலகப் பதிவேட்டில் ‘காலம்’ என்ற கட்டத்தில் திங்களன்று போட்ட எழுநூறை அழித்துவிட்டு, இயக்குநர் சொன்னபடி இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு என்று எழுதியவள் ரப்பர் அக்கா. எதையும் பென்சிலில் எழுதி, அழித்து, பிறகே மையில் ஏற்றுவாள் என்பதால் வந்த பெயர் அது. எழுதிவிட்டு நிமிர்ந்தால் ஏடுகளின் ஓரமெல்லாம் உதிர்ந்து கிடந்தது. கடைசி ஏடு இருந்த இடத்தில் ஒரு கைப்பிடித் தூள். பதறிப்போய் மறுபடி எழுநூறு போட்டாள். தூள் கூடி ஏடானது, ஆனால் வெற்று ஏடு. நூல் அவ்வளவு இளசாகிவிட்டதில் கடைசி ஏடு இன்னும் எழுதப்படவே இல்லை. ரப்பர் அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனாள்.

கட்டின் வயதைப் பற்றி இரண்டு பேராசிரியர்கள் பதினோரு வருஷமாகச் சண்டை போட்டார்கள். எதையும் முன்னுக்கு இழுப்பவருக்கு முந்தி என்றும், பின்னுக்குத் தள்ளுபவருக்குப் பிந்தி என்றும் பட்டப்பெயர். முந்தியின் மகளைப் பிந்தியின் மகனுக்குக் கொடுத்திருந்ததால் சண்டையும் மரியாதையாகவே நடந்தது. “சம்பந்தி, நடையப் பாருங்க. ரெண்டாயிரத்து ஐந்நூறுக்கு ஒரு நாள் குறையாது” என்பார் முந்தி. “பழைய நடையில நேத்துகூட எழுதலாமே சம்பந்தி, எழுநூறே அதிகம்” என்பார் பிந்தி. பேத்தி பிறந்து பள்ளிக்கூடம் போய்விட்டாள், கட்டம் மையில் நிரம்பவில்லை. இருவரும் முதல் பத்து ஏட்டின் நகலைத் தாண்டிப் படித்ததே இல்லை என்பது ரப்பர் அக்காவுக்கு மட்டும் தெரியும். கடைசியில் இயக்குநர் முந்தி பக்கம் சாய்ந்து, வெள்ளிக்கிழமைக்குள் மையில் ஏற வேண்டும் என்று உத்தரவு போட்டார். மையை ரப்பர் அழிக்காது.

நூலில் ஓர் அப்பாவும் மகளும் பேசிக்கொள்கிறார்கள். முப்பதாம் ஏட்டில் மகள், ‘நான் கேட்பதற்கு முன் இந்தக் கேள்வி எங்கே இருந்தது?’ என்று கேட்கிறாள். பதில் கடைசி ஏட்டில்தான் இருக்க வேண்டும். எட்டு வயதில் ரப்பர் அக்காவும் தன் அப்பாவிடம் கிட்டத்தட்ட இதையே கேட்டு, அதிகப்பிரசங்கி என்ற பட்டத்தை வாங்கிக் கட்டிக்கொண்டவள். அந்தப் பதில் அவளுக்கு வேண்டியிருந்தது.

வியாழன் முழுக்க அவள் பென்சிலும் ரப்பருமாக உட்கார்ந்தாள். இரண்டாயிரம் போட்டால் தூள். ஆயிரத்து ஐந்நூறில் விரிசல். தொள்ளாயிரத்தில் வெறுமை. ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதுபோல ஏற்றி இறக்கி, சாயங்காலம் நான்கு மணிக்கு ஆயிரத்து நூற்று நாற்பத்தேழில் நின்றாள். நாற்பத்தாறில் வெற்று ஏடு. நாற்பத்தேழில் ஒரு வரி இருந்தது. ‘தெரியவில்லை, மகளே. நாளைக்கும் கேள்.’ ரப்பர் அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை. ஓர் அப்பா இப்படியும் சொல்லியிருக்கிறாரே என்ற சந்தோஷம் அவளுக்குத் தாங்கவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு, மைப் பேனாவை எடுத்து அந்த எண்ணையே எழுதினாள்.

வெள்ளிக்கிழமை இயக்குநர் ரப்பர் அக்காவுக்கு மெமோ கொடுத்தார். பேராசிரியர்கள் முதல்முறையாக ஒரே கட்சியில் சேர்ந்தார்கள்.

“ஆயிரத்து நூத்தி நாப்பத்தேழா? காலம்னா நூறு நூறா இருக்கணும்மா” என்றார் முந்தி.

“சம்பந்தி சொல்றது சரி” என்றார் பிந்தி.

“கடைசி ஏட்டைப் படிச்சுட்டுச் சொல்லுங்க சார்” என்றாள் ரப்பர் அக்கா.

இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்து படித்தார்கள். முந்தி அந்த வரியை விரலால் தடவினார், ஈர மசி ஒட்டி விரல் கறுப்பானது. பிந்தி தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். மெமோவை இயக்குநர் திரும்ப வாங்கிக்கொண்டார்.

நான்கு வருஷமாகிறது, அந்த வரி இன்னும் காயவில்லை. படிக்க வருகிறவர்களிடம் முப்பது ஏட்டைக் கையில் கொடுக்கிறார்கள். கடைசி ஏட்டை மட்டும் ரப்பர் அக்கா பிடித்துக் காட்டுகிறாள்.