காராமணி தின்னாத வீடு

அந்தப் பெண் எங்கள் வீட்டில் வந்து இறங்கிய அன்றே, என்ன வேலைக்கு வந்திருக்கிறாள் என்று கேட்காமல், என் தாயின் பெயரை அவளுக்கு வைத்துவிட்டேன். சீரா திராவரே; திராவரே எங்கள் குடும்பப் பெயர். நம் பெயரில்லாமல் ஒருவரை வீட்டில் ஒரு வேளைகூட வைத்திருப்பது எங்கள் வழக்கமில்லை. டென்மார்க்கிலிருந்து எங்கள் மொழி படித்துத் தொண்டு செய்ய வந்த அந்த இருபத்தைந்து வயதுப் பெண்ணை அன்றுமுதல் நானும் என் தம்பிகளும் அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டோம். முதல் வாரம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் வாரம், "என்னப்பா செமோகோ, சாப்பிட்டியா?" என்று கேட்கத் தொடங்கினாள். எனக்கு வயது எழுபத்தொன்று.

மூன்றாம் வாரம்தான் அவள் வந்த வேலை தெரிந்தது. கைக்குழந்தைகளை எடைபோடுவது, கம்பும் வேர்க்கடலையும் காராமணியும் இடித்துக் கூழ் காய்ச்சத் தாய்மாருக்குச் சொல்லித் தருவது.

காராமணி.

எங்களுக்கும் ஜாரா குடும்பத்தாருக்கும் பல தலைமுறையாகக் கேலி உறவு. அவர்கள் எங்களைக் காராமணி தின்னி என்பார்கள், நாங்கள் அவர்களையும் அதையே சொல்வோம். சாவு வீட்டில்கூட விடமாட்டோம். கோபப்படக் கூடாது, ஒப்புக்கொள்ளவும் கூடாது. அவரவர் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பது வேறு விஷயம். ஊர் நடுவில் ஒரு திராவரே காராமணியை வாயில் வைத்து நான் பார்த்ததில்லை. என் தகப்பனாரும் பார்த்ததில்லை.

கறிக்கடை லாஸினா ஜாராவுக்குச் செய்தி எட்ட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வாசலில் வந்து நின்றான்.

"என்னடா செமோகோ, ஒங்க ஆத்தா வீடு வீடாப் போயி காராமணி தின்னச் சொல்றாளாமே. நீங்க தின்னது போதாதுன்னு ஊரையே சேக்குறீங்களா?"

"போடா, மொதல்ல ஒன் வீட்டுப் பானையக் கழுவிட்டு வந்து பேசு" என்றேன். குரலில் வழக்கமான தெம்பு இல்லை. அது அவனுக்கும் தெரிந்தது.

அன்று சாயங்காலம் சீராவை எதிரே உட்கார வைத்தேன்.

"அம்மா, ஒண்ணு எங்க பேரக் கழட்டி வச்சிடு, இல்ல காராமணிய விட்டுடு."

அவள் சுகாதார நிலையத்து எடை நோட்டைப் பிரித்தாள். "யாயா எடை என்னன்னு தெரியுமா ஒனக்கு?"

யாயா என் பேரனுடைய மகன்.

"பத்து மாசம். ஆறு கிலோ. போன மாசமும் ஆறு கிலோ. பேரு, காராமணி, ரெண்டையும் விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். என் தாயும் இப்படித்தான் பேச்சை முடித்துவிட்டு எழுந்து போவாள்.

திங்கட்கிழமை காலை சுகாதார நிலைய வாசலில் கூழ் காய்ச்சிக் காட்டுவதாக ஏற்பாடு. போவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் என் தாயின் பெயரைச் சுமப்பவளை லாஸினாவின் வாய்க்குத் தனியே விட்டுவிட முடியாது. நீல அங்கியை அணிந்துபோய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்து பெஞ்சில் லாஸினா, கடையை மூடிவிட்டே வந்திருந்தான்.

"கிண்டு சீரா, கிண்டு. நல்லாப் பழகின கையா இருக்கே. பொறந்ததுலேர்ந்து இதான் சாப்பாடா?"

கூட்டம் என்னைப் பார்த்தது. சீரா கரண்டியை நிறுத்தவில்லை.

"காராமணி ஒங்க வீட்டு மூட்டைதான் லாஸினா. ஒன் பொண்டாட்டி குடுத்தா. இந்த மனுசன் தின்னு தீக்கறதுக்குள்ள எடுத்துட்டுப் போயிடுன்னா."

பெண்கள் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். லாஸினா தொப்பியை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டான். ஐம்பது வருடப் பழக்கத்தில் அவன் தோற்று நான் பார்த்தது அன்றுதான். என் முதுகு தானாக இன்னும் நிமிர்ந்தது.

கூழ் ஆறியதும் கிண்ணங்கள் கைமாறின. மற்ற வீட்டுத் தாய்மார் ஊட்டத் தொடங்கினார்கள். திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பெண்கள் ஆறு பேரும் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். யாயாவின் தாய் அசெத்து, எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தவள், தலையைக் குனிந்தபடி கடைக்கண்ணால் என்னைப் பார்த்தாள். யாயா கூழை நோக்கிக் கையை நீட்டினான். அவள் அந்தக் கையை மெல்ல மடக்கிப் பிடித்துக்கொண்டாள். மணிக்கட்டு என் விரல் தடிமன்தான் இருந்தது.

சீரா ஒரு கிண்ணத்தோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"செமோகோ. அம்மா குடுக்கறேன்."

தாய் நீட்டிய கிண்ணத்தை மறுத்த மகன் எங்கள் வம்சத்தில் இல்லை. வாங்கினேன். லாஸினா பெஞ்சின் நுனிக்கே வந்துவிட்டான். ஊர் பார்க்க ஒரு வாய் வைத்தேன். வேர்க்கடலை வாசனை தூக்கலாக இருந்தது.

"காராமணி இன்னும் கொஞ்சம் வெந்திருக்கணும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது.

"கேட்டுக்குங்க, பக்குவம் தெரிஞ்ச வாயி" என்று லாஸினா எழுந்தான். நிற்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலிருந்தவன் மேல் சாய்ந்தான். இருவரும் பெஞ்சோடு சரிந்தார்கள். வாசலே சிரித்தது. சீராவும் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தபடி அடுத்த வாயை எடுத்தேன். அந்த இரைச்சலுக்கு நடுவில் எனக்குப் பின்னால் கிண்ணத்தில் கரண்டி உரசியது, முதலில் ஒன்று, பிறகு மற்றவை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. சிறிது நேரத்தில், கூழ் அப்பிய சின்னக் கை ஒன்று என் அங்கியின் முதுகுப்புறத்தை இறுக்கிப் பிடித்தது.