ஆனந்தமேரி சொன்ன சாட்சி

மைக்கைக் கையில் கொடுத்தால் மனுஷிக்கு என்னதான் ஆகிவிடுகிறதோ! முத்தியால்பேட்டை ஆனந்தமேரியைக் கேட்டால் தெரியும். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற வியாதி அவளுக்கு. தோல் இறுகி, விரல் மடங்காமல், சோறு பிசையக்கூட முடியாமல் கிடந்தவள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஸ்டெம்செல் சிகிச்சை செய்தார்கள். அவள் ரத்தத்திலிருந்தே செல்களை எடுத்து வைத்துக்கொண்டு, கடும் மருந்தால் பழைய எதிர்ப்புச் சக்தியைத் துடைத்துவிட்டு, அந்தச் செல்களைத் திரும்ப ஏற்றினார்கள். விரல் மடங்கியது.

டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "சில பேருக்குப் பத்து வருஷம்கூட தாங்கும். சில பேருக்கு ரெண்டு மூணு வருஷத்துலயே திரும்பும். முன்கூட்டிச் சொல்ல முடியாது. செக்கப்புக்கு மட்டும் தவறாம வந்துடுங்க. கவனிக்காம விட்டா நுரையீரலும் இறுகிப்போகும்."

இவள் என்ன செய்தாள்? மாதா திருவிழாவில் பூசை முடிந்ததும், மாதா தந்த சுகத்துக்குச் சாட்சி சொல்ல மேடை ஏறினாள். "நோய் வேரோட போயிடுச்சி. மாத்திரை எல்லாத்தையும் கடல்ல வீசிட்டேன்!" என்றாள். வீசவே இல்லை, டாக்டரம்மாதான் பார்த்துப் பார்த்துக் குறைத்து நிறுத்தியிருந்தார். கோயிலே கைதட்டியது. யாரோ எடுத்த வீடியோ இன்னும் வாட்ஸப்பில் சுற்றுகிறது.

போன மார்கழியில் விரல்நுனி வெளுத்தது. தோல் மறுபடி இழுத்துப் பிடித்தது. அவளுக்குப் புரியாமலா இருக்கும்? ஆஸ்பத்திரி வாசலில் கோயில் பங்குக்காரர்கள் யாராவது பார்த்துவிட்டால் மானம் கப்பலேறிவிடுமே என்று செக்கப்புக்கே போகவில்லை. மோதிரம் ஏன் இறுக்குகிறது என்று புருஷன் சவரிராயன் கேட்டதற்கு, சதை போட்டுவிட்டது என்று சாதித்தாள். ஒன்பது மாதமாக இதே நாடகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைச்சாவடியிலிருந்து வினோதா என்றொரு பெண் வீடு விசாரித்துக்கொண்டு வந்தாள். மீன் விற்கிறவள். முப்பது வயதுகூட இருக்காது. அதே வியாதி. சவரிராயன் பெருமை பொங்க நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"அக்கா, எனக்கும் அந்த வைத்தியம் பண்ணலாம்னு சொல்றாங்க. பண்ணா எத்தினி வருஷம் தாங்கும்?"

"ஆயுசுக்கும் தாங்கும்மா! இவளப் பாரேன்," என்றான் சவரிராயன்.

ஆனந்தமேரி கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். சிரித்து மழுப்பி அனுப்பிவிடலாமா என்றுதான், சீ, முதலில் நினைத்தாள்.

"ஒங்க வீடியோ பாத்துதான்க்கா எனக்கு தைரியமே வந்துச்சி. நானும் மாத்திரைய கடல்ல போட்டுட்டேன்."

ஆனந்தமேரி முந்தானையை விலக்கினாள். கைகளை வெளியே எடுத்து நீட்டினாள். மடக்கிக் காட்டினாள். பாதிக்கு மேல் மடங்கவில்லை.

"பொய்ம்மா. நான் மாத்திரைய வீசல. நோய் வேரோடயும் போவல, திரும்ப வந்துடுச்சி. எத்தினி வருஷம் தாங்கும்னு டாக்டருக்கே தெரியாது. அதனாலதான் செக்கப்புக்கு வரச் சொன்னாங்க. நான் போவல."

புருஷன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. கூசிக் குறுகிப் போயிருந்தாள். அந்தப் பெண் எழுந்து ஓர் அறை விட்டால்கூடத் தேவலை என்றிருந்தது.

வினோதா அறையவில்லை. "ஏன்க்கா போவல?" என்றாள்.

"வெக்கமா இருந்துச்சி."

வினோதா அந்த விரல்களைத் தொட்டுப் பார்த்தாள்.

"நான் மாத்திரைய வுட்டு எட்டு மாசம் ஆவுதுக்கா," என்றாள். "இப்பல்லாம் தெருமொன வரைக்கும் நடந்தாலே மூச்சு வாங்குது."