கால் அறிந்த கொட்டாரம்

மாதேவன் பிள்ளைக்குக் கண் மங்கி எட்டு மாதமாகிவிட்டது. கல்லுமங்கலம் கொட்டாரத்தில் அது யாருக்கும் தெரியாது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தோரு வருடமாக வருகிறவர்களுக்கு அந்தப் பழைய அரண்மனையைச் சுற்றிக் காட்டுகிறவர் அவர். உள்ளே செருப்புப் போடக் கூடாது என்பது அங்கே ராஜா காலத்து வழக்கம். அது இப்போது அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. வெறுங்காலோடு நடந்தால் எந்த ராஜாவின் காலத்தில் நிற்கிறோம் என்று பாதமே சொல்லிவிடும். வாசல் மண்டபமான பூமுகத்தில் கருங்கல். காலை பத்து மணிக்கே சுடத் தொடங்கும். ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் கறுப்புத் தரை. சுண்ணாம்பும் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் சேர்த்து இழைத்தது, ஈர வாழையிலையை மிதித்ததுபோல இருக்கும். எல்லாவற்றிலும் பழையது தாய்க்கொட்டாரம். அங்கே பலகைத் தரை, ஏழாவது பலகை முனகும். அந்த வம்சத்தில் பட்டம் மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும். மாமன் கட்டியதும் மருமகன் கட்டியதும் மட்டம் ஒத்துப்போகாது. ஆட்சிக்கு வந்த ஒவ்வொருவரும் தன் பங்குக்கு நாலு விரற்கடை உயர்த்தியோ தாழ்த்தியோ ஓர் அறையைச் சேர்த்திருந்தார். அந்த ஏற்ற இறக்கமெல்லாம் மாதேவன் பிள்ளையின் குதிகாலில் இருந்தது.

ஜன்னல்களின் மர அழிகள் வழியாக வருகிற வெளிச்சம் உள்ளே எப்போதும் குறைவுதான். கண் நன்றாகத் தெரிகிறவர்கள் தடுமாறுவார்கள். அவர் விறுவிறுவென்று முன்னால் போவார். "தலை, தலை, குனிஞ்சு வாங்க" என்று ஒவ்வொரு வாசல் நிலையிலும் சொல்லுவார். அந்த நிலைகளைத் தாழ்வாக வைத்ததே உள்ளே வருகிறவன் யாரானாலும் குனியட்டும் என்றுதான்.

விஷயம் வெளியே தெரிந்தால் வாசலில் செருப்புக் காவலுக்கு உட்கார்த்திவிடுவார்கள். அங்கே இருந்த தங்கப்பன் போன மாதம் ஓய்வு பெற்றதால் அந்த நாற்காலியும் காலியாகக் கிடந்தது. வாசலில் உட்கார்ந்துகொண்டு ஊரார் செருப்புக்கு வில்லை கொடுப்பதை நினைத்தாலே மாதேவன் பிள்ளைக்குச் சோறு இறங்காது. வெறும் புரைதான், எடுத்துவிடலாம் என்று வைத்தியர் சொன்னார். ஆனால் பிள்ளையின் தாய்மாமனுக்கு அந்தக் காலத்தில் கண்ணைக் கீறினார்கள். அதற்குப் பிறகு மாமன் சாகும்வரை கம்பு ஊன்றித்தான் நடந்தார். கண்ணில் கத்தி வைக்க விடுவதில்லை என்று பிள்ளை உறுதியாக இருந்தார்.

திங்கள்கிழமை விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலையில் அவர் பூமுகத்துப் படியேறிக் காலை வைத்தார். கல்லைக் காணோம். சொரசொரவென்று கயிற்றுப் பாய். இன்னும் நாலு எட்டு வைத்துப் பார்த்தார். அங்கேயும் பாய்.

"லில்லிபாயி!" என்று கூப்பிட்டார். பதினைந்து வருடமாக அங்கே பெருக்கித் துடைக்கிறவள் லில்லிபாய். "யாரு இத விரிச்சது?"

"நேத்து ஆளக் கூட்டிட்டு வந்து விரிச்சாவ அண்ணே. புது மேடத்துக்க உத்தரவு. சனம் நடந்து நடந்து கறுப்புத் தரை தேயுதாம்."

"எல்லா எடத்திலயுமா?"

"மாடிப்படி மொதக்கொண்டு. ஒரு சாண் விடல்ல." அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "நீங்க இன்னைக்கி ஒரு லீவு எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க."

"நான் எதுக்குட்டி லீவு போடணும்?"

"போன வாரம் தூணப் பாத்து, 'என்ன லில்லி, கஞ்சி குடிச்சியா'ன்னு கேட்டீயளே, அதுக்குத்தான்."

பிள்ளைக்கு முகம் சுண்டிவிட்டது. "நீ குடிச்சேன்னு பதில் சொன்னியே?"

"தூணு சொல்லாதுல்லா. அதான் நான் சொன்னேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் வாசலில் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. மார்த்தாண்டம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து நாற்பது பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கொட்டாரத்துக்குப் பொறுப்பதிகாரியாக வந்திருந்த புது மேடம் ஷைலஜாவின் குரலும் வந்தது. "பிள்ளைச் சாரே, இன்னைக்கி நானும் கூட வாறேன். நீங்க சொல்லுததக் கேக்கணும்னு ரொம்ப நாளா ஆசை."

இனி லீவு போட முடியாது. மாதேவன் பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு கையை மேலே தூக்கினார்.

"மேல பாருங்க மக்களே. எழுபத்திரெண்டு மரப்பூ. ஒண்ணப்போல இன்னொண்ணு கெடையாது. அந்த வடகிழக்கு மூலையில ஒரு தாமரை இருக்கு பாருங்க. அதுல மட்டும் ஒரு வண்டு உக்காந்திருக்கும். ஆசாரி தன் கையெழுத்தா அத விட்டுட்டுப் போயிருக்கான்."

"எங்க சார்?" என்றாள் ஒரு சிறுமி.

"நல்லாப் பாரு மக்ளே, தெரியும்."

பிள்ளைகள் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதையும் நின்று பார்க்கப் பொறுமையில்லை என்று நினைத்துக்கொண்டு அவர் நகர்ந்தார்.

மந்திரசாலையைச் சமாளித்துவிட்டார். மாளிகையின் மாடிக்கு ஏறுகிறவரை கைப்பிடி இருந்தது. அதற்கு மேல்தான் சிக்கல். படி முடிந்து பதினேழு எட்டு, பிறகு மருமகன் ராஜா உயர்த்திய தரை காலில் இடிக்கும், அங்கே வலப்பக்கம் திரும்பினால் பள்ளியறை. பாயில் கால் கூசியது. அவருக்கே தெரியாமல் எட்டு பாதியாகக் குறுகியது. பதினேழு எண்ணி முடித்தபோது பாயின் மடிப்பு ஒன்று காலில் இடித்தது. அதுதான் உயர்ந்த தரை என்று நம்பி வலப்பக்கம் திரும்பினார்.

"இதுதான் மகாராஜா பள்ளிகொண்ட எடம்" என்று கையை விரித்தார். "நாப்பது வகை மூலிகை மரத்துல கடைஞ்சது. ராஜாவுக்கு எம்புட்டுக் கவலை இருந்தாலும் சரி, இதுல வந்து சாஞ்சாப் போதும், அப்படியே கண்ணு சொக்கிரும்."

அதே சிறுமி சொன்னாள். "சார், அது கக்கூசு சார்."

நாற்பது பிள்ளைகளும் வெடித்துச் சிரித்தார்கள். கட்டிலுக்கு ஓர் அறை முன்னால், நடுவில் துளையிட்ட கல் பதித்த ராஜாவின் மறைப்புரைக்கு எதிரே அவர் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

பின்னாலிருந்து லில்லிபாய் ஓடிவந்தாள். "சார் தமாசு பண்ணுதாரு பிள்ளைகளே! ராஜாவுக்கும் அங்கதான நிம்மதி? வாங்க வாங்க, ஊட்டுப்புரையில ஊருக்கே சோறு வடிச்ச அண்டா பாக்கலாம். அதுக்குள்ள இறங்கித்தான் தேய்ப்பாவளாம்." அவள் பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு போய் வாத்தியார்களிடம் சேர்த்தாள்.

ஷைலஜா மட்டும் நின்றாள். "பிள்ளைச் சாரே, நான் இன்னைக்கி என்ன நெறத்துல சேலை கட்டியிருக்கேன்?"

அவர் யோசித்தார். "பச்சை."

"நான் சுடிதார் போட்டிருக்கேன்."

மாதேவன் பிள்ளைக்கு இனி மறைக்க வழியில்லை. ஆனாலும் ஒரு வீம்பு வந்தது. பாயை ஓரமாகச் சுருட்டித் தள்ளிவிட்டுத் தரையில் கால் வைத்தார். "இந்தப் பாய எடுங்க மேடம். நான் கொட்டாரத்தக் காலால பாப்பேன். இந்தா, ஒம்பது எட்டு. இங்க நாலு விரற்கடை ஏறணும். மாமன் முடிஞ்சாரு, மருமகன் தொடங்குதாரு. இப்ப நிலை, குனியணும்." சொல்லிக்கொண்டே நடந்து, மயிரிழை தப்பாமல் குனிந்து, பள்ளியறைக்குள் போய் நிமிர்ந்தார். கட்டில் காலைத் தொட்டுக் காட்டினார். "ஒரு நாளும் நான் விழுந்ததில்ல. யாரையும் விழவிட்டதும் இல்ல."

அதற்குள் திரும்பி வந்திருந்த லில்லிபாய் பேசினாள்.

"தரை சரி அண்ணே. மேல?"

"மேல என்னட்டி?"

"அந்த வண்டு உக்காந்த தாமரை ஆடி மாசமே விழுந்து போச்சு. கறையான். நாந்தான் பெருக்கும்போது எடுத்து ஆபீசு அலமாரியில வச்சேன்."

இது ஐப்பசி. நாலு மாதமாக, ஒரு நாளைக்கு ஆறு தடவை, வெறும் பலகையைக் காட்டி வண்டைப் பார் என்று சொல்லியிருக்கிறார். அத்தனை பேரும் அவர் மனம் நோகக் கூடாதென்று தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"நீ ஏன் சொல்லல்ல?"

"எப்பிடிச் சொல்ல? ஒங்களுக்குத் தெரியல்லன்னு எனக்குத் தெரியும்னு ஆயிருமே."

அவர் கட்டிலின் காலை விட்டுக் கையை நீட்டினார். அந்தப் பூவைக் கேட்டார். லில்லிபாய் எடுத்துவந்து கையில் வைத்தாள். உள்ளங்கை அகலம். கட்டைவிரலால் இதழ் இதழாகத் தடவினார். வண்டு இருந்தது. அதன் ஒரு சிறகைக் கறையான் தின்றிருந்தது. காலுக்குத் தெரியாமல் தலைக்குமேல் கொட்டாரம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருக்கிறது, அவரோ எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமனின் கம்பைவிட அது அவரைப் பயமுறுத்தியது.

"எந்த ஆசுபத்திரிக்குப் போவணும் மேடம்?" என்றார்.

"அத நான் பாத்துக்கிடுதேன். ஒங்க எடத்துல வேற ஆளப் போடமாட்டேன்" என்றாள் ஷைலஜா. "ஆனா அதுவரைக்கும் செருப்புக் காவலுதான். நிலையில ஒரு பிள்ளைக்கு மண்டை ஒடஞ்சா யாரு பதில் சொல்லுவா?"

இரண்டு வாரம் அவர் வாசலில் உட்கார்ந்தார். நினைத்த அளவுக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை, சோறும் இறங்கியது. கத்தி வைத்த அன்று பல்லைக் கடித்துக்கொண்டு பூமுகத்திலிருந்து பள்ளியறைவரை ஒவ்வோர் எட்டாக எண்ணினார். பள்ளியறைக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மார்கழியில் ஒரு புதன்கிழமை திரும்பி வந்தார். பாய் அப்படியேதான் கிடந்தது. ஆனால் மாமனும் மருமகனும் சந்திக்கிற இடங்களில் மட்டும் வெட்டிவிட்டிருந்தார்கள். பூமுகத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். எழுபத்தொரு பூ. வடகிழக்கு மூலையில் வெளிறிய ஒரு வட்டம்.

"அங்க ஒரு தாமரை இருந்துது" என்று அன்று வந்த கூட்டத்திடம் சொன்னார். "கறையான் தின்னுட்டு. சரிபண்ண ஆசாரி கையில குடுத்திருக்கு. தையில வந்தா வண்டோட பாக்கலாம்."

அதன் பிறகு அவருக்கு மேலேயிருந்து கண்ணை எடுக்க மனம் வரவில்லை. உத்தரத்தில் செதுக்கிய யாளியை, அழி வழியாக விழுந்த வெயிலை, பத்து மாதத்து ஒட்டடையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். மந்திரசாலை நிலை வந்ததைக் கவனிக்கவில்லை.

ணங்கென்று ஒரு சத்தம். கூட்டமே நின்றுவிட்டது.

நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்ட மாதேவன் பிள்ளையின் முன்னால் லில்லிபாய் துடைப்பத்தோடு வந்து நின்றாள். சிரிப்பை அடக்கியதில் அவள் தோள் குலுங்கியது.

"அண்ணே, செருப்புக் காவலுக்கு இன்னும் ஆளு போடல்ல, கேட்டீயளா?"

"போட்டி அங்க" என்றார் அவர். எழுந்து, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, நெற்றியில் புடைத்திருந்ததைத் தொட்டுக் காட்டினார். "பாத்தீயளா? இதுக்குத்தான் சொல்லுதது. தலை, தலை, குனிஞ்சு வாங்க."